சமையலறையை இடித்துக் கட்டும்போது வீட்டிலேயே இருக்கலாமா?

நங்கநல்லூரில் 22 வருடப் பழைய அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சமையலறையை மொத்தமாக உடைத்து மாடுலர் கிச்சன் போடப் போகிறீர்கள். ஆவணி பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்கிறார் கான்ட்ராக்டர். வீட்டில் வீசிங் இருக்கிற மாமனார், பத்தாவது படிக்கும் மகள். வேலை நடக்கும்போது அங்கேயே இருக்க முடியுமா, வீட்டை எப்படித் தயார்செய்வது என்பது உங்கள் கேள்வி.

இருக்கலாம். மாமனாரை மட்டும் உடைக்கிற நாட்களில், அதாவது முதல் நான்கைந்து நாள், யாராவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் டைல்ஸ் வெட்டும் நாட்களிலும் அவர் பகலில் வீட்டில் இல்லாமல் இருந்தால் நல்லது. மற்றபடி எல்லோரும் வீட்டிலேயே இருந்து சமாளித்துவிடலாம். ஆனால் அதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் உடைப்பதற்கு முந்தைய மூன்று வாரங்களில் இருக்கிறது.

தென்சென்னைப் பக்கம் பழைய ஃபிளாட்களில் இந்த வேலையைப் பதினேழு வருடமாகப் பார்த்து வருகிறேன். சமையலறை வேலை இழுத்தடிக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான். கொத்தனார் வரும் தேதியை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். அவர் வந்து சுவரை உரித்துப் போட்ட பிறகுதான் டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள், வாஸ்து பேசுகிறார்கள், சிங்க் எந்தப் பக்கம் என்று சண்டை போடுகிறார்கள். அதற்குள் கொத்தனார் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். டைல்ஸ், சிங்க், குழாய், கிரானைட் ஸ்லாப் எல்லாம் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, முடிந்தால் வீட்டுக்கே வந்து இறங்கிய பிறகுதான் சுத்தியலைத் தூக்க விட வேண்டும். டைல்ஸை மட்டும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்குங்கள். வேறு லாட்டில் அதே நிறம் கிடைக்காது.

முதலில் தேதியைப் பார்ப்போம். ஆவணி எனக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி, எல்லாம் சரியாகப் போனாலும் நாற்பது, ஐம்பது நாள் ஆகும் என்று வையுங்கள். நவராத்திரி வந்துவிடும். உங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இருந்தால், ஹாலில் படி கட்ட வேண்டிய இடத்தில் பாத்திர மூட்டைகள் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் தள்ளிப்போனால் வடகிழக்குப் பருவமழை. மழைக் காற்றில் ஈரம் இருக்கும்போது பூச்சு காய நாளாகும், பெயின்ட் காயாது, வெட்டிய பிளைவுட்டின் ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். தீபாவளிக்கு முன் முடித்துக்கொடுங்கள் என்று ஊரே கான்ட்ராக்டரை நெருக்குகிற மாதங்களும் அவைதான். உங்கள் வீட்டுக்குப் பாதி நாள்தான் ஆள் வருவார்கள்.

ஆடியில் தொடங்கச் சொல்வேன். பலரும் புது வேலை ஆரம்பிக்காத மாதம் என்பதால் நல்ல மேஸ்திரி கையில் நேரம் இருக்கும். பெரியவர்கள் தயங்கினால் ஆனி கடைசியில் ஒரு நல்ல நாளில் பூஜை போட்டு, ஒரே ஒரு டைல்ஸை மட்டும் பெயர்த்து வேலையைத் தொடங்கியதாக வைத்துக்கொள்வது பல வீடுகளில் நான் பார்த்த வழி. ஆடியும் வேண்டாம் என்றால் தை பாதிக்கு மேல். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால்தான் ‘பாதிக்கு மேல்’ என்கிறேன். ஆனால் மகள் பத்தாவது. மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு தையில் சுவரை உடைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே தேர்வுதான்.

அடுத்தது, நான் ரொம்பவும் வலியுறுத்துவது. டிராயிங்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சமையலறையை ஒரு தடவை முழுசாகக் காலி செய்து பாருங்கள். பரணில் இருப்பதையும் சேர்த்து. உடைக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி அவசர அவசரமாக மூட்டை கட்டுவது வேறு, மூன்று வாரம் முன்பே எல்லாவற்றையும் ஹால் தரையில் பரப்பிப் பார்ப்பது வேறு. நம் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா, ஒருமுறைகூடத் திறக்காத டின்னர் செட், மூடி தொலைந்த மூன்று குக்கர், ஊறுகாய் ஜாடி, முறுக்கு அச்சு, எவர்சில்வர் சம்படங்கள். பருப்பு டப்பாவுக்குள் பணமும் அரிசிப் பானைக்குள் மோதிரமும் கிடைத்த வீடுகள் உண்டு. அதனால் டப்பாக்களை அம்மாவோ மாமியாரோ கூட இருக்கும்போது கொட்டுங்கள்.

இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாடுலர் கம்பெனிக்காரர் காட்டும் டிராயர்கள் தட்டும் கிண்ணமும் அடுக்குவதற்கு அழகாக இருக்கும். நம் சமையலில் உயரமான பாத்திரங்கள் அதிகம். இட்லிக் குண்டான், பத்து லிட்டர் குக்கர், எண்ணெய் டின், டேபிள் டாப் கிரைண்டர். இவற்றின் உயரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து ஒரு தாளில் எழுதி டிசைனர் கையில் கொடுங்கள். அதில் இரண்டு டிராயராவது உங்கள் பாத்திரத்துக்குப் பொருந்தும் உயரத்தில் வரட்டும். கிரைண்டருக்கு நிலையான இடம் வேண்டும். தினமும் அதைத் தூக்கி மேலே வைக்க யாருக்கும் முதுகு இல்லை. இந்த அளவை எடுக்காமல் லட்சக்கணக்கில் செலவு செய்து, கடைசியில் குக்கரைப் பால்கனியில் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

பரப்பிய சாமான்களை மூன்றாகப் பிரியுங்கள். வேலை நடக்கும் காலத்தில் தினமும் வேண்டியவை ஒரு பெட்டி, அவ்வளவுதான். இன்னொன்று புது சமையலறைக்குத் திரும்ப வருபவை. அட்டைப்பெட்டியில் கட்டி, உள்ளே இருப்பதை மேலேயும் பக்கவாட்டிலும் எழுதி, பெட்ரூமில் சுவரோரம் அடுக்குங்கள். மூன்றாவது, போகட்டும் என்பவை. பழைய பாத்திரக் கடைக்குப் பித்தளையைப் போடுவதற்கு முன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய கடப்பா ஸ்லாப்கள் உடையாமல் வந்தால் தூக்கி எறியாதீர்கள். மொட்டை மாடியில் துணி துவைக்க, செடி வைக்க யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

மேடையின் உயரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பழைய ஃபிளாட்களில் முப்பது இஞ்ச் மேடை சாதாரணம், இப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு போடுகிறார்கள். யார் அதிகம் சமைக்கிறாரோ அவர் முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு நான்கைந்து இஞ்ச் கீழே மேடை வர வேண்டும். இருக்கிற மேடையில் பழைய புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் கட்டை வைத்துக் காய் நறுக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். வாஸ்துவும் அப்படித்தான். அடுப்பு அக்னி மூலையில், சமைப்பவர் கிழக்கு பார்த்து என்று மாமனார் சொல்வார் என்றால், அதை டிராயிங் போடும்போதே சொல்லட்டும். சிங்க் குழாய் பதித்த பிறகு சொன்னால் கொத்தனாருக்குக் கூலி, உங்களுக்குக் கோபம்.

கான்ட்ராக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கிரானைட் மேடையை கேபினெட் வருவதற்கு முன்பே போடுவார்களா, வந்த பிறகு போடுவார்களா? சென்னையில் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். செங்கல் அல்லது கடப்பா தாங்கல் கட்டி, அதன் மேல் கிரானைட் பதித்து, கீழே கேபினெட்டைச் செருகுவது ஒரு வழி. தரையில் கேபினெட் பெட்டிகளை நிறுத்தி, அவற்றின் மேலேயே கிரானைட்டை வைப்பது இன்னொரு வழி. கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் டைல்ஸ் முடிந்த பிறகுதான் கடைசி அளவு எடுப்பார்கள். அங்கிருந்து பெட்டி செய்து வர மூன்று, நான்கு வாரம். முதல் வழியில் போனால் அந்த மூன்று, நான்கு வாரமும் உங்களிடம் மேடை இருக்கும், சிங்க் இருக்கும், தண்ணீர் வரும். அலமாரிக் கதவு மட்டும்தான் இருக்காது. அடுப்பை வைத்துச் சமைக்க ஆரம்பித்துவிடலாம். இரண்டாவது வழியில் அந்த நாட்கள் முழுக்க வெறும் அறைதான்.

பார்வைக்கு இரண்டாவது வழி நேர்த்தி. உள்ளே இடமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் வயதானவரும் பள்ளிப் பிள்ளையும் இருக்கிற வீட்டில், அதே வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்யும்போது, நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஒரு குடும்பம் சமையலறை இல்லாமல் பதினைந்து நாள் தாக்குப்பிடிக்கும். நாற்பது நாள் ஆனால் ஆளுக்கு ஆள் எரிந்து விழுவார்கள்.

அந்தப் பதினைந்து நாளுக்குத் தற்காலிகச் சமையல் மூலை வேண்டும். எங்கே என்பதைச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்தான் முடிவு செய்யும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். டிவி பக்கத்தில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் மாற்று பிளக்கைச் செருகி ஓட்டினால் கருகும். வாஷிங் மெஷின் பாயின்ட், ஏசி பாயின்ட் போன்ற பெரிய பிளக் பக்கத்தில்தான் இந்த மூலை அமைய வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். உங்கள் பாத்திரங்களில் எத்தனை இண்டக்ஷனில் சூடாகும் என்று இப்போதே சோதியுங்கள். அடியில் காந்தம் ஒட்டினால் ஆகும். பழைய அலுமினியக் குக்கர் ஆகாது.

கேஸ் அடுப்பையே ஹாலுக்குக் கொண்டுவருவேன் என்றால் தவறில்லை, சில விஷயங்களைக் கவனித்தால் போதும். ஜன்னல் பக்கம், காற்று வரும் இடமாக இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், உறுதியான மேஜை மேல் இருக்க வேண்டும். ரப்பர் டியூபை நீட்டுவதற்கு இன்னொரு டியூபை ஒட்டுப்போடக் கூடாது. எப்படியும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டியூபை மாற்றியாக வேண்டும், இப்போதே மாற்றிவிடுங்கள். கழற்றி மாட்டுவதை கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கிடம் விடுங்கள், பிளம்பரிடம் விடாதீர்கள். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. புது கேபினெட்டுக்குள் சிலிண்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கதவின் அடிப்பக்கம் காற்றுத் துளை கேளுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.

குடிதண்ணீரைப் பொறுத்தவரை, ஆர்ஓ மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு 20 லிட்டர் கேன் போடச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவுவதுதான் எல்லோரையும் ஓய்ந்துபோக வைக்கும் விஷயம். பாத்ரூம் குழாயடியில் குனிந்து கழுவினால் மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். யுடிலிட்டியிலோ பால்கனியிலோ ஸ்டூல் மேல் ஒரு பெரிய டப், பக்கத்தில் ஒரு ஹோஸ். சாப்பிட வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் மாவரைக்க வேண்டாம், கடை மாவு வாங்குங்கள். மதியத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாம்பார், பொரியல் வாங்கி, சாதம் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். காபி டிகாக்ஷனுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் தவறக் கூடாது. அது போனால் வீட்டில் அமைதி போய்விடும்.

இனி தூசி. மாமனாரை நினைத்து இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பழைய பூச்சை உடைப்பதும் கட்டிங் மெஷினில் டைல்ஸ், கிரானைட் வெட்டுவதும் கிளப்பும் தூசியில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலுக்கு நல்லதல்ல. அதைத் தினமும் சுவாசிக்கிற தொழிலாளிக்கு இன்னும் மோசம், அவருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். வெட்டும் வேலை அத்தனையும் மொட்டை மாடியில், தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும் என்று கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். லிஃப்ட் இல்லாத வீட்டில் ஏறி இறங்க முனகுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். சமையலறை வாசலில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை மேலிருந்து கீழ்வரை டேப் போட்டு ஒட்டி, நடுவில் ஒரு கீறல் விட்டு, அதன் மேல் இன்னொரு ஷீட்டைத் தொங்கவிடுங்கள். வாசலுக்கு மேலே வென்டிலேட்டர் இருந்தால் அதையும் அடையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சமையலறை ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் கடைசி நாள்வரை கழற்ற விடாதீர்கள், தூசியை வெளியே தள்ள அது உதவும். உடைக்கும் நேரத்தில் ஹால் ஏசி ஓடக் கூடாது.

ஃபிரிட்ஜை ஹாலுக்கு நகர்த்தி, பின்பக்கம் காற்றுக்கு இடம் விட்டு நிறுத்துங்கள். துணியால் முழுசாகப் போர்த்தி ஓட்டினால் சூடாகிவிடும். தரைக்கு, சமையலறையிலிருந்து வாசல் கதவுவரை ஆட்கள் நடக்கும் பாதை முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றச் சொல்லலாம், அல்லது தடித்த அட்டை போடலாம். மொசைக் தரைதானே என்று விட்டால், சிமென்ட் மூட்டையை இழுத்த கோடு ஆயுசுக்கும் இருக்கும்.

தண்ணீர் வால்வு விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஃபிளாட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை, சுவருக்குள் இருந்த துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் உளி பட்டது. சமையலறை லைனை மூடும் வால்வைத் திருப்பினால் அது சும்மா சுற்றுகிறது, உள்ளே தேய்ந்து எத்தனை வருடமோ. மாடிக்கு ஓடினால் டேங்க்கில் எட்டு வால்வு, எது எந்த லைன் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மூடினோம். பிளம்பர் கிடைத்துச் சரிசெய்ய மாலை நான்கு மணி. அதுவரை மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் இல்லை. தப்பு என்னுடையது. முந்தின வாரமே சோதித்திருக்க வேண்டும். நீங்கள் இன்றே மாடிக்குப் போய் எந்த வால்வு உங்கள் சமையலறை லைன் என்று பார்த்து, பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். மூடிப் பாருங்கள், நிற்கிறதா என்று. மெட்ரோ வாட்டருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் இருந்தால் இரண்டையும். 22 வருட ஜிஐ குழாய் என்றால் சமையலறைக்குள் ஓடும் பகுதியை சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

வயரிங்கும் அதே வயது. பழைய சமையலறைகளில் ஒரு பெரிய பிளக், இரண்டு சின்ன பிளக் இருக்கும். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஆர்ஓ, சிம்னி, மைக்ரோவேவ், கெட்டில், பின்னாளில் டிஷ்வாஷர் என்று எழுதிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இடம் குறியுங்கள். ஓவன், டிஷ்வாஷர் மாதிரியானவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன். மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் கட்டாயம் போடுங்கள். ஈரக் கை புழங்கும் அறை இது. பூச்சு பூசுவதற்கு முன், தண்ணீர்க் குழாயும் வயர் போகும் பைப்பும் தெரியும் நிலையில், சுவரோரம் இஞ்ச் டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது, டிரில் போடும்போது அந்தப் படங்கள்தான் காப்பாற்றும்.

சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தூண், பீம் பக்கம் யாரும் உளியைக் கொண்டுபோகக் கூடாது. கான்கிரீட் பரண் சில கட்டடங்களில் லிண்டலோடு, அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே போகும் கான்கிரீட் பட்டையோடு, சேர்த்து வார்த்தது. அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொல்பவரிடம், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லுங்கள். அடுத்த அறையோடு சேர்த்துத் திறந்த சமையலறை ஆக்கும் ஆசை இருந்தாலும் அதேதான்.

அசோசியேஷனுக்கு எழுத்தில் தெரிவித்து, வேலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், கீழ்வீட்டுக்காரரிடம் போய் அவர்கள் சமையலறை மேற்கூரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஈரக்கறை, விரிசல் எல்லாம் தேதியோடு பதிவாகட்டும். வேலை தொடங்கிய பிறகு அவர் கண்ணுக்கு ஒவ்வொரு கறையும் புதிதாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. தரை வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் டைல்ஸ் போடுவதற்கு முன் ஒரு முழு நாள் தண்ணீர் தேக்கி வைத்து, அவரையும் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

ரப்பீஷ், அதாவது இடித்த குப்பையை அகற்றுவது, உங்கள் கட்டடத்தில் பெரிய வேலை. ஒரு சமையலறையை முழுசாக உரித்தால் குட்டி யானையில் இரண்டு மூன்று நடை வரும். அதை சாக்குகளில் கட்டி, தலைச்சுமையாக இறக்க வேண்டும். அதற்கான கூலி கான்ட்ராக்டர் கணக்கிலா உங்கள் கணக்கிலா என்று எழுதி வாங்காவிட்டால் கடைசியில் உங்கள் தலையில்தான். தெருவோரம், காலி மனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். எங்கே கொடுப்பது என்று 1913-ல் கேட்டுவிட்டு, ரப்பீஷ் எங்கே போகிறது என்பதை கான்ட்ராக்டரிடமும் கேளுங்கள். மழைநீர் வடிகாலில் சிமென்ட் கழுவின தண்ணீரை விடுவதைக் கண்டால் அப்போதே நிறுத்துங்கள்.

உடைப்பதற்கு ஒரு வாரம் முன் கரப்பானுக்கு மருந்து அடித்துவிடுங்கள். பழைய மர அலமாரியைப் பெயர்த்ததும் அவை படை எடுத்து பெட்ரூமுக்குத்தான் வரும். வேலையாட்கள் எந்தக் கழிவறையைப் பயன்படுத்துவார்கள் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர்களும் கேட்கத் தயங்குவார்கள், இரண்டு பக்கமும் சங்கடம்.

மகளுக்கு பெட்ரூம் ஒன்றைப் பூட்டிக்கொள்ளும்படி ஒதுக்குங்கள். மூட்டைகள் அங்கே போகக் கூடாது. மாமனார் திரும்பி வருவதற்கு முந்தின நாள் மின்விசிறி இறக்கைகள், ஜன்னல் திரைகள், ஏசி ஃபில்டர் மூன்றையும் சுத்தம் செய்துவிடுங்கள். பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். தூசி கண்ணுக்குத் தெரியாமல் தங்குவது அந்த மூன்றிலும்தான். இன்ஹேலரையும் மருந்துச் சீட்டையும் பாத்திரப் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டிவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் அதைத் தேடி ராத்திரி பதினொரு மணிக்குப் பதினாலு பெட்டியைப் பிரித்தோம்.